நாற்பத்தொரு கிராம்

மளிகைக் கடைத் தராசில்தான் நிறுப்பேன்.
ஒற்றை ஷூ, நாற்பத்தொரு கிராம்.
"கிலோ என்ன விலை?" என்றார் தன்சுக் பாய்
துவரம்பருப்பைக் கட்டிக்கொண்டே.

தாராவி, தொண்ணூறடி ரோடு.
இரும்பு ஏணியில் ஏறினால் என் பட்டறை.
கீழே பெல்ட் தைக்கிறார்கள்; மேலே நான்
இன்னும் நடக்காதவர்களுக்குக் காலணி வரைகிறேன்.

பன்னிரண்டு சென்டிமீட்டர்ப் பாதம்
பெரியவர் பாதத்தின் சின்னப் பிரதி இல்லை.
முன்னால் விரிந்து, பின்னால் ஒடுங்கி,
நடுவில் வளைவே இல்லாமல்
கொழுக்கட்டை மாதிரி ஒரு சதை.
உள்ளே எலும்பு
எலும்பாவதா என்று இன்னும் யோசிக்கிறது.
பிள்ளைத்தமிழ் பாடினவர்கள்
வருகைப் பருவத்தில் தண்டை பூட்டினார்கள், சதங்கை பூட்டினார்கள்;
ஒருத்தரும் அகலம் குறித்து வைக்கவில்லை.
நான் நூல் பிடித்து அளந்தேன்,
அளக்க அளக்க விரலை மடக்கிக்கொள்ளும் ஆளை.

ஆளின் பேர் ஸோயா. பதின்மூன்று மாதம்.
எதிர் வரிசை நூர்பானுவின் மகள்.
சுவரைப் பிடித்தால் நடப்பாள்,
சுவர் முடிந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

முதல் ஜோடியில்
இடதில் மீன் தலை, வலதில் வால்.
சேர்த்து வைத்தால் முழு மீன்,
மாற்றிப் போட்டால் வெட்டின மீன்.
கால் மாறாமல் போடப் பழகட்டும் என்று என் சாமர்த்தியம்.
நூர்பானு திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"நடக்கவே தெரியாது, அதுக்குள்ளே பரீட்சையா?"

இரண்டாவது, பாந்த்ராக் கடைக்காரர் கேட்டது.
குதிகாலுக்குள் பீப்பீ. மிதித்தால் கீச்.
நூர்பானு வீட்டுக்காரருக்கு இரவு ஷிப்ட்,
பத்துக்குப் பத்து அறையில் பகல் தூக்கம்.
மறுநாளே ஷூ திரும்பி வந்தது,
பீப்பீயில் ஊசி போட்ட ஓட்டையோடு.
அவளுக்குக் கோபமில்லை.
"அவர் தூங்கணும், இவ நடக்கணும்,
நீயே சொல்லு."

நான் பாதி வழி போனேன்.
மூன்றாவதில் இடது கால் மட்டும் கத்தும்.
ஒரு கால் பேசினால் மறு கால் கேட்கட்டும் என்று
நோட்டில் அழகாக எழுதியும் வைத்தேன்.
ஸோயா வலது காலை ஊன்றவே மறுத்தாள்.
இடதையே ஓங்கி ஓங்கி மிதித்து
நீலத் தண்ணீர் டிரம்மைப் பிடித்தபடி
அதையே வலம் வந்தாள், மூன்று சுற்று.
பிந்தேசர் பசை பிரஷ்ஷைக் கீழே போட்டான்.
"தீதி, டிரம்முக்கு பக்தை கிடைச்சாச்சு."

அப்புறம் நடந்ததை நான் வரையவில்லை.

பொத்தென்று உட்கார்ந்தாள்.
இடது ஷூவின் வெல்க்ரோவைப் பிய்த்தாள், கர்ர்.
அதுவே புதுச் சத்தம்.
ஒட்டினாள், பிய்த்தாள், ஒட்டினாள், பிய்த்தாள்,
கழற்றிவிட்டாள்.
குதிகாலைக் கையால் அமுக்கினாள்.
கீச்.
தரையில் இருக்க வேண்டியது முகத்துக்கு எதிரே கத்தவும்
ஆச்சரியத்தில் எழுந்து நின்றாள்.
இரண்டு கையும் ஷூவில்.
பிடிக்கக் கை இல்லை,
பிடிக்கணும் என்கிற நினைப்பும் இல்லை.
தோல் துண்டு, பசை டப்பா மூடி, அறுந்த பக்கிள்,
அதற்கெல்லாம் நடுவே
ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால்,
நாலு அடி. ஐந்தோ?
எண்ணினவர்கள் மூன்று பேர், கணக்கும் மூன்று.

நூர்பானு கூப்பிடவில்லை.
கூப்பிட்டால் விழுந்துவிடுவாள் என்று
தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.
துப்பட்டா ஓரத்தில் குத்தியிருந்த ஊசி
குத்தினபடியே இருந்தது.
ஏணி வாசலை நான் காலை நீட்டி மறித்தேன்.
கீழே பெல்ட் மெஷின்கள்
ஒன்றும் நடக்காதது போல் ஓடின.

சாயங்காலம் பாந்த்ராவிலிருந்து போன்.
"முடிவு பண்ணியாச்சா, பீப்பீ எந்தக் காலில்?"
"கையில்" என்றேன்.
"என்னது?"
லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

நோட்டில் புதுப் பக்கம்.
வலது: நாற்பத்தொரு கிராம், மெல்லிய அடி, சத்தமில்லை.
இடது:
பென்சில் சீவிக்கொண்டிருக்கிறேன்.