நாற்பத்தேழாம் இலக்கம்

மூன்று கிழமையாய் ஸ்காபரோவில் மழை இல்லை.
தார் இளகி, செருப்பின் அடியை
ஒரு கணம் பிடித்துவைத்துத்தான் விட்டது.

கார் தரிப்பிடத்தில் என் இடம் நாற்பத்தேழு.
கார் நின்றதும் கீழே ஒரு காட்போட் மட்டையைத் தள்ளுவேன்,
காய்ச்சல்காரனின் கட்டிலடியில்
சட்டி வைப்பதுபோல, யாரும் பார்க்காத நேரத்தில்.
சொட்டு விழுவது காதில் கேட்காது.
மட்டை மட்டும் நாளுக்கு நாள் பாரமாகும்.

வைப்பரின் இடுக்கில் சுப்பர் மிர்ச்சா செருகிய தாள்:
ஒழுகும் வாகனங்கள் பதினான்கு நாளுக்குள் திருத்தப்படவேண்டும்.
வாசித்து மடித்து
முந்திய இரண்டு தாள்களோடு வைத்தேன்.

மிட்லண்ட் வீதிக் கராஜில் பிரணவரூபன்
காரைத் தூக்கி, டோர்ச் அடித்துப் பார்த்து,
கையைத் துணியில் துடைத்தபடி சொன்னான்:
"சீல் போட்டுது அக்கா. கியர்பொக்ஸ் கழற்றவேணும்.
உந்தக் காசுக்கு நீங்கள் வேற கார் பார்க்கலாம்."
ஆயிரத்து நானூறு டொலர்.
நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்.
பார்த்த கூலி வாங்காமல்
ஒரு போத்தல் ஒயிலை என் கையில் தந்தான்.
ஒழுகட்டும், ஊற்றுவோம்.

வியாழக்கிழமை.
பிஸ்கட் தொழிற்சாலையின் இரவு வேலை முடிந்து
நான் படுத்துக் கிடந்தபோது மழை வந்து போயிருக்கிறது.
மத்தியானம் ஆறாம் மாடியிலிருந்து பார்த்தேன்.
நாற்பத்தேழிலிருந்து கிளம்பி,
ஊதா, பச்சை, செம்பு, மறுபடி ஊதா,
வளைந்து வளைந்து வடிகால்வரை
என் பெயரை யாரோ எழுதிவைத்திருந்தார்கள்.
சோற்றில் மறைத்த பூசணிக்காய்
நிறம் நிறமாய் எழுந்து நின்றது.

மழை புதிதாய் எதையும் கொண்டுவரவில்லை.
தாரின் துளைகளுக்குள் ஒளிந்திருந்ததைத்
தண்ணீர் புகுந்து கிளப்பிவிட்டது, அவ்வளவுதான்.
எண்ணெய் இலேசு. மிதக்கும். மிதந்தால் பரவும்.
ஒரு சொட்டு, ஒரு பத்திரிகைப் பக்கத்தின் அகலத்துக்கு
தன்னை இழைத்துக்கொள்ளும்;
தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்கு.

அதன்மேல் வெளிச்சம் விழுகிறது.
கொஞ்சம் மேல்தோலில் பட்டே திரும்பிவிடுகிறது.
கொஞ்சம் உள்ளே போய்
தண்ணீரைத் தொட்டுவிட்டுப் பிந்தி வருகிறது.
முந்தியதும் பிந்தியதும் வாசலில் முட்டுகின்றன.
அலையோடு அலை ஒத்துப்போன நிறம் தூக்கலாய் எரியும்,
ஒவ்வாத நிறம் அணையும்.
படலம் தடித்த இடத்தில் ஒரு நிறம், மெலிந்த இடத்தில் வேறொன்று.

பள்ளிக்கூடத்தில் இதற்குத் தலையீடு என்று பெயர்.
பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன்,
நம்பவில்லை.
ஒரு ஒளி இன்னொரு ஒளியின் விஷயத்தில்
மச்சாள்மாரைப்போலத் தலையிடுமா என்ன?

கீழே இறங்கிப் போனேன்.
சீமெந்து நடைபாதையில் அதே எண்ணெய் வெறும் ஊத்தை.
மிச்ச வெளிச்சத்தை விழுங்க
அடியில் ஒரு கறுப்பு வேண்டியிருக்கிறது.
தலையைச் சாய்த்தேன், பச்சை ஊதாவானது.
குனிந்தேன், ஊதா போய்விட்டது.
எங்கே நின்று பார்த்தாலும் ஒழுகுவது என்னுடைய கார்தான்.

நாற்பத்தாறாம் இலக்கத்து மிஸ்டர் ஒசேய்
மரக்கறிப் பையோடு நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.
"அழகு" என்றார். பிறகு,
என்னைப் பார்த்ததும், மெல்ல,
சப்பாத்தின் நுனியால்
தன் காருக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த
ஈரக் காட்போட் மட்டையை
உள்ளே தள்ளினார்.

இருவரும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தோம்.
அங்கே ஒன்றும் இல்லை.

வடிகால் மூடிக்குப் பக்கத்தில்
யாரோ மஞ்சள் பெயின்ற்றில் மீன் ஒன்று வரைந்திருக்கிறார்கள்.
இதில் விழுவது வடிகட்டாமலே
ஹைலண்ட் ஓடைக்குப் போகிறது என்பதற்காக.
அவருடைய செம்பும் என்னுடைய ஊதாவும்
மீனின் முதுகில் ஒன்றாகி, எது எவருடையது என்று தெரியாமல்,
கம்பிகளுக்குள் இறங்கின.

எண்ணெயை உறிஞ்சப் பூனை மண் நல்லதாம்.
எனக்குப் பூனை இல்லை.
ஒரு பை வாங்கிவரப் புறப்பட்டேன், பஸ்ஸில்.
தரிப்பிடம் தாண்டமுன் பின்னாலிருந்து ஒரு குரல்:
"இரண்டு பை."