பூச்சியம் தசம் எட்டு

பகலில் நான் பல் செய்கிறவள்.
ரெஜைனாவில், ஆல்பர்ட் தெருவில், பல் வைத்தியரின் மாடியில்
யாருடையதோ கடைவாய்க்கு ஒரு மூடி.
மயிரிழை கூடினாலும்
கடிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.
ஆகவே இரவில் என் மேசைக்கு வந்த இந்தக் காரைச்
சும்மா விட முடியவில்லை.

இருபத்தைந்தில் ஒன்று. நான்கு கதவு.
பெட்டியின் மேல் மலைப்பாதை, மாலை வெயில்;
உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக், கிளை கிளையாய்
கதவுப்பிடி, கண்ணாடி, ஈர்க்குப் போல் ஒரு அன்ரெனா.
இன்னும் ஒட்டவில்லை. டேப் போட்டு நிறுத்தி,
கண்ணாடித் தகட்டில் வைத்து,
வேர்னியரின் வாயைத் திறந்தேன்.

அச்சிலிருந்து அச்சு: நூற்றுப் பதினாறு. சரி.
அகலம் சரி.
முன்விளக்குகளின் இடைவெளி, சொல்லப்போனால், அழகு.
பின் கண்ணாடியின் சரிவில் ஒரு சின்னச் சோம்பல், மன்னிக்கலாம்.
கூரை:
ஐம்பத்தேழு இருக்கவேண்டிய இடத்தில்
ஐம்பத்தாறு தசம் இரண்டு.

பூச்சியம் தசம் எட்டு.
இதெல்லாம் ஒரு குறையா என்பீர்கள்.
இருபத்தைந்தால் பெருக்குங்கள்:
இரண்டு சென்ரிமீற்றர்.
பல்லில் என்றால் வழக்குப் போடுவார்கள்.

தூண்தான் குட்டை என்று தீர்ப்பெழுதி
இடது முன் தூணை அன்றிரவே அறுத்தேன்.
மெல்லிய ரம்பம். சத்தமே இல்லை.

சனிக்கிழமை, கனேடியன் ரயர் வாசலில்
அதே கார் நின்றது,
முழு அளவில், பழுப்பாய், கதவோரங்களை உப்புத் தின்று.
மைனஸ் இருபத்தேழு.
எஞ்சினைச் சூடேற்றும் வயர்
முன்வலையிலிருந்து நாக்குப் போல் தொங்கியது.

கைப்பையில் அளவுநாடா இருந்தது.
கூரையில் கை வைத்த நேரம் சொந்தக்காரர் வந்தார்,
இரண்டு கையிலும் பெயின்ற் வாளி.
"வாங்கப் போகிறீர்களா?"
"இல்லை. உயரம் பார்க்கிறேன்."
யோசித்தார். வாளிகளை வைத்தார்.
காலால் பனியை விலக்கி
நாடாவின் கீழ்முனையைத் தரையில் அழுத்திப் பிடித்தார்.
லோர்ன் ஹிரிட்சக். பெயரைக் குனிந்தபடியே சொன்னார்.

ஆயிரத்து நானூற்றைந்து.
இன்னொருதரம். ஆயிரத்து நானூற்றைந்து.
கையுறையைக் கழற்றிக் கைபேசியில் பிரித்தேன்:
ஐம்பத்தாறு தசம் இரண்டு.

"ஸ்பிரிங் அமர்ந்துவிட்டது" என்றார் லோர்ன்,
தன் வயிற்றைத் தட்டி.
"முப்பத்தொரு வருஷம்."
வலப்பக்கம் போய் அளந்தோம்.
ஆறு மில்லிமீற்றர் கூட.
"அந்தப் பக்கம் அவ்வளவாக யாரும் இருந்ததில்லை."

வீட்டில், கோட்டுக்கூடக் கழற்றாமல்,
என் காரின் வலப்பக்கத்தை அளந்தேன்.
முதலில் ஏன் அளக்கவில்லை?
ஒரு பக்கம் போலத்தான் மறுபக்கம் என்று இருந்துவிட்டேன்;
பல்லில் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.
ஐம்பத்தாறு தசம் நான்கு, அதற்கும் ஒரு இம்மி மேல்.
உடலைக் கவிழ்த்தேன்.
அடியில் நான்கு முளை. இடப்பக்கத்து இரண்டும் குட்டை.

ஆக, வரைபடத்தைப் பார்த்து இதைச் செய்யவில்லை.
எங்கோ ஒரு ஊரின் கார் நிறுத்துமிடத்தில்
எவரோ ஒரு கனத்த மனிதரின் காரை
எவரோ முழந்தாளிட்டு அளந்து,
சாய்வை நிமிர்த்தாமல்
அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்.

குறிப்பேட்டில் கூரைக்கு எதிரே போட்ட சிவப்புக் குறுக்கை
அழிக்கவில்லை. பக்கத்தில் எழுதினேன்: சரி.

தூண் இரண்டாய்க் கிடக்கிறது.
ஒட்டலாம். ரம்பம் தின்ற தூள் திரும்பாது:
கால் மில்லிமீற்றர்.
இருபத்தைந்தால் பெருக்கினால் ஆறு சொச்சம்.
அது என் கணக்கில்.

பெட்டியில் இல்லாத ஒன்று:
கறுப்பு நூலை மெழுகில் தோய்த்து
முன்வலையில் கட்டித் தொங்கவிட்டேன்.
நீளம் மட்டும் குத்துமதிப்பு.