பன்னிரண்டு அங்குலம்

பழையது எட்டு அங்குலம்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று
மூன்று குளிர்காலமாய் அதைத் திட்டித் தீர்த்தான் லெஷெக்.
ஆர்கன் இசைத்தட்டில் ஆக நீளமான குழாய் மூச்சு விடும்போது
அது இருமும், தடுமாறும்,
தீப்பெட்டிக்குள் மாட்டிய வண்டாய்ப் படபடக்கும்.
எழுந்துபோய் ஊசியைத் தூக்கிவிடுவான்.

கெட்டில் விசிலடிப்பது அவனுக்குக் கேட்காது.
வாசல் மணி கேட்காது.
அடுத்த அறையிலிருந்து நான் கூப்பிடுவது
கேட்கிறதா, கேட்காத பாவனையா என்பது
எங்களுக்குள் தீராத வழக்கு.
இருபத்திரண்டு வருஷக் கப்பல் எஞ்சின் அறை
அவன் காதின் மேல்படிகளையெல்லாம் தின்றுவிட்டுக்
கீழ்ப்படிகளை மட்டும் விட்டுவைத்தது.
அங்கேதான் இப்போது குடியிருக்கிறான்.

க்டீனியா ரயில் நிலையத்துக்குப் பின்னால் கடை.
கஸ்பெர் என்ற பையன் இரண்டு பெட்டிகளைக் காட்டினான்.
துளை வைத்தது ஒன்று, மூடியது ஒன்று.
துளை வைத்தது உரக்கப் பேசும்,
மூடியது சொன்னதை மட்டும் பேசும் என்றான்.
லெஷெக் விலைச்சீட்டைப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.
குதிரையின் விலாவைத் தொடுவதுபோல்
இரண்டின்மேலும் உள்ளங்கையை வைத்து நின்றான்,
வெகுநேரம்.
மூடியதை எடுத்தான்.

ஐந்நூறு வாட்ஸ் எதற்கு,
நான்காம் மாடியில், இரண்டரை அறை வீட்டுக்கு?
"சத்தத்துக்கு இல்லை,
மூச்சு வாங்காமல் இருப்பதற்கு.
பெரிய எஞ்சினை மெல்ல ஓட்டினால் அது உன்னிடம் பொய் சொல்லாது."
இருபத்தொன்பது கிலோ.
லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை.

நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறதாம்.
நாம் உட்காரும் நாற்காலியில்
பெட்டியை உட்கார வைக்கவேண்டும்.
நாம் தரையில் தவழவேண்டும்.
எந்த மூலையில் ஒலி நிறைந்து நிற்கிறதோ
அந்த மூலை பெட்டிக்கு.
அறுபத்தாறு வயசு மனிதன்
கம்பளி சாக்ஸோடு தவழ்ந்தான்.
நாற்காலியில் அது
விருந்துக்கு வந்த மாமன்போல் கறுப்பாக, மௌனமாக வீற்றிருந்தது.
சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர்.
"நீயும் வா," என்றான். "உன் காது முழுக்காது."

முழங்கால் வலியோடு இறங்கினேன்.
ஜன்னலடியில் ஒன்றுமே இல்லை,
அலையை அலை விழுங்கிவிடுகிற இடம் அது.
ஒரு சாண் நகர்ந்தால் கொஞ்சம்.
புத்தக அலமாரியருகே சேறாய்க் குழம்பிக் கிடந்தது.
வெள்ளரிக்காய் ஜாடிகள் அடுக்கிய தட்டுக்குக் கீழே
கையூன்றியபோது
வந்தது.

காதில் இல்லை.
உள்ளங்கையில், முழங்கையில்,
பிறகு விலா எலும்பில்.
மேலே ஜாடிகளின் உப்புநீரில்
வளையம் வளையமாய் நடுக்கம்,
சதகுப்பைத் தண்டுகள் மெல்லத் தலையசைத்தன.

"இதுவா?" என்றேன்.
என் உதட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டான்.
"இதன்மேல்தான் படுத்துத் தூங்குவோம்."

கடிதங்களில் சாப்பாட்டை எழுதினான்,
மழையை, துறைமுகத்துப் பூனைகளை,
சம்பளம் தாமதமாவதை.
இதை எழுதியதே இல்லை.
எழுத்தில் எங்கே வைப்பான் இதை?
இரவெல்லாம் அடிவயிற்றில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று,
விடுமுறைக்கு வீடு வந்தால் நின்றுபோகும்.
தூக்கம் வராமல் சமையலறையில் போய் உட்காருவான்.
நான் வேறொருத்தியோ என்று
இரண்டு வருஷம் சந்தேகப்பட்டேன்.
சொன்னதில்லை அவனிடம்.

ஜாடிகளை வேறிடம் மாற்றவேண்டும் என்று
யோசித்தபடி தரையிலேயே கிடந்தேன், கன்னத்தை வைத்து.
அவனும் படுத்துவிட்டான் பக்கத்தில்.
நீளமான குழாய் மறுபடி மூச்சு விட்டது.

அப்போது ரேடியேட்டர் குழாயில்
கரண்டியால் மூன்று தட்டு.
கீழ்வீட்டு வாந்தா.
அவனுக்குக் கேட்காது.
எனக்குக் கேட்டது.

இசைத்தட்டு முடிய இன்னும் நான்கு நிமிஷம்.
நாளைக் காலை ஒரு ஜாடி வெள்ளரிக்காயோடு
கீழே இறங்கவேண்டும்.
இரண்டாகவே கொண்டுபோகலாம்.