இரண்டு கட்டம்

படிவத்தில் இரண்டே கட்டம்:
விழுந்தது. நிற்பது.
புதாற்றுத் தண்ணீர் வந்தால் உண்டு என்கிற
பேராவூரணிக் கடைமடையில்
சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு நான்காம் நாள்.
விழுந்த தென்னைக்கு எண் போட வேண்டும்,
வேர் பிய்ந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி.
முதல் நாள் குனிந்து எழுதினேன்.
இப்போது மரத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

அடைக்கலமேரி தோப்பு.
புருஷன் மஸ்கட்டில், லைன் கிடைக்கவில்லை.
அரிவாளால் மட்டையைக் கழித்து வழி செய்தபடி
முன்னால் போகிறார்.
அழவில்லை. காய்க்கணக்கு மட்டும் சொல்கிறார்:
இது வெட்டுக்கு இருபத்திரண்டு.
இது ஊசிக்காய், எப்பவோ கழிச்சிருக்கணும்.
இந்த வரிசை முழுக்க சொசைட்டிக் கடனுக்கு.

பள்ளமெல்லாம் இளங்காய் மிதக்கிறது.
பருப்புப் பிடிக்கவில்லை;
உடைத்துக் காயப்போட்டாலும்
செக்குக்கு ஒரு சொட்டு தராது.
உடைந்த பாளையிலிருந்து
கல்யாண வீட்டு வாசம் வருகிறது.
அதுதான் தாங்கவில்லை.

நூற்றுப் பதினாறு வரை சிக்கல் இல்லை.

அடுத்தது வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்தது.
இந்தப் புயலில் அல்ல,
மகள் வயிற்றிலிருந்தபோது அடித்த புயலில்.
கிடந்தபடியே பாலமானது.
செருப்பு தேய்ந்து தேய்ந்து
முதுகில் ஒரு தடம்.
அக்கரையில் முழங்கை மாதிரி மடங்கி
மேலே ஏறியிருக்கிறது தலை.
இடுப்பு உயரத்தில் மூன்று குலை,
ஒரு காய்கூட உதிரவில்லை.
முன்பே விழுந்திருந்ததால்
இப்போது விழவில்லை.

"விழுந்ததுன்னு போடுங்க தம்பி.
காசாவது வரும்."
சொல்லிவிட்டு அவரே அதன் மேல் நடந்துபோய்
எட்டி ஒரு இளநீரைத் திருகி எடுத்தார்.
ஏற ஆள் கூப்பிடாமல்,
நின்ற இடத்திலிருந்து.
சீவிக் கொடுத்தார். குடித்தேன்.
லேசாக உப்புக் கரித்தது.
பிரஷ்ஷில் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் ஆர்.ஐ. கேட்டார்:
அடைக்கலமேரி தோப்பில் மொத்தம்?
நூற்றுப் பதினேழு சார்.
விழுந்தது?
நூற்றுப் பதினேழு.
நிற்பது?
ஒன்று.

கால்குலேட்டரைத் தட்டினார்.
மறுபடி தட்டினார்.
"ஒரு மரம் கூடுதலா வருதேய்யா" என்றார்.
ஆமாம் சார் என்றேன்.