கல்லுப்பு

அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளை
ஸ்வெட்டர் கைக்குள் விரலை இழுத்து இழுத்து
எழுதி முடித்தார்கள்.
அதற்கு மேல் பெருமாள்மலையில்
எந்தப் பிள்ளைக்கும் பாடம் ஏறாது.
சிஸ்டர் தெயோஃபிலாவே சொல்லிவிட்டார்:
"டீச்சர், இனி குடில்தான்."

குடிலுக்கு வைக்கோல் வேண்டும்.
எங்கள் மலையில் கேரட் உண்டு, பூண்டு உண்டு,
ஆள் ஏறாத பேரிக்காய் மரம் உண்டு.
நெல் இல்லை.
வத்தலக்குண்டிலிருந்து காலி லாரி ஏறும்போது
ரெக்ஸ்லினின் அப்பா ரெண்டு கட்டு போட்டுக்கொண்டு வந்தார்.
சுற்றி நின்று மோந்து பார்த்தார்கள்.
வெயில் வாசம் என்றாள் ஜோவிட்டா.

சிரட்டையில் விதைத்த கேழ்வரகு
பதினோரு நாள் மண்ணை விட்டு வரவில்லை.
பன்னிரண்டாம் நாள்
ஊசிமுனைப் பச்சை ஒன்று எட்டிப் பார்த்ததற்கு
நாலாம் வகுப்பே கைதட்டியது.

கிறிஸ்மஸ் ஃப்ரெண்டுக்குச் சீட்டுக் குலுக்கினோம்.
சாக்பீஸ் டப்பாவில் முப்பத்தேழு பெயர்.
பரிசு இருபது ரூபாயைத் தாண்டக்கூடாது.
யாருக்கு யார் என்று மூச்சு விடக்கூடாது.
மதியச் சாப்பாட்டுக்குள்
ஊருக்கே தெரிந்துவிட்டது.

கடைசியாகக் கைவிட்டவன் தவசி.
விரலில் வெள்ளைத் தூள்தான் வந்தது.
நவம்பரில் சேர்ந்தவன்.
பழைய பட்டியலைப் பார்த்து எழுதியது என் தப்பு.
"நான் உனக்கு ஃப்ரெண்ட்" என்றேன்.
யோசித்தான்.
"நீங்க டீச்சர்" என்றான்.

விழாவுக்கு முந்தின ராத்திரி
வாட்ச்மேன் மிக்கேல் விசில் ஊதியிருக்கிறார்,
தகரம் தட்டியிருக்கிறார்.
கீழ்க் கேட்டைச் சாத்தாமல் விட்டது யார் என்று
காலையில் தன்னையே கேட்டுக்கொண்டு நின்றார்.

காட்டெருமை வந்து
ஒரு துரும்பு விடாமல் வைக்கோலைத் தின்று,
கேழ்வரகைச் சிரட்டை வழிய நக்கி,
இடையர் ஒருவரைக் கவிழ்த்துவிட்டுப்
போயிருந்தது.
சூசையப்பர் தோளில் ஒரு கோடு எச்சில்.
மாதா முட்டிபோட்ட இடத்திலேயே இருந்தார்.
சோற்றுத்தட்டு அகலக் குளம்புத் தடத்தில்
பனித்தண்ணி.

சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.
ஜோவிட்டாவுக்கு உதடு பிதுங்கியது.
தவசி தடத்துக்குள் செருப்பை வைத்து அளந்தான்.
"மாட்டுக்கொட்டாய்னுதானே டீச்சர் சொன்னீங்க?"

சிஸ்டர் வாயைத் திறந்தார்,
பிறகு கேக் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

விழா பத்தரைக்குத் தொடங்கியது.
பதினோரு மணிக்கு மூடுபனி உள்ளே வந்து
முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டது.
மூன்று ஞானிகளில் ரெண்டு பேர்தான் தெரிந்தார்கள்,
மூன்றாமவர் இருமியதால் இருக்கிறார் என்று அறிந்தோம்.
சம்மனசு மைமூன்
கதவில் இடித்து உடைந்ததுபோக
மிச்சமிருந்த ஒற்றைத் தெர்மோகோல் இறக்கையோடு
"அஞ்சாதீர்கள்" என்றாள்.
அஞ்சினார்கள்.
மிக்கேல் தாத்தா முகமூடியோடு நுழைந்ததும்
ஒன்றாம் வகுப்பு மொத்தமும்
பெஞ்சுக்கு அடியில்.

பரிசுகள் கை மாறின.
பென்சில் பெட்டி, பொட்டு அட்டை,
ஏற்கெனவே பாதி தின்ற கடலைமிட்டாய்.
நான் கொடுத்த கலர் பென்சிலை
தேங்க்ஸ் டீச்சர் என்று வாங்கிப்
பைக்குள் போட்டான் தவசி.
முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

மூன்று மணிக்கெல்லாம் ஜீப்புகள் போய்விட்டன.
திருத்தாத தாள்கட்டோடு பூட்டக் கிளம்பினேன்.
குடிலில், வைக்கோல் இருந்த இடத்தில்
கணக்கு நோட்டுத் தாளில் ஒரு பொட்டலம்.
பிரித்தேன்.
ஒரு கைப்பிடி கல்லுப்பு,
அதற்குள்ளேயே கசிய ஆரம்பித்திருந்தது.
மேலே பென்சிலில், ஊதாப் பென்சிலில்
கிரிச்மச் பிரண்டுக்கு.

பழக்க தோஷம்,
சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டேன்.
மூடினேன்.
மடிப்பு மாறாமல் மடித்து வைத்தேன்.

கீழ்க் கேட்டைப் பற்றி
மிக்கேலிடம் எதுவும் சொல்லவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்த அன்று
வருகைப் பதிவேட்டுக்கு முன்னால்
குடிலைத்தான் போய்ப் பார்த்தேன்.
உப்பு இல்லை.
தாளும் இல்லை.
முப்பத்தெட்டாவது வரிசையில்
தவசி பெயரை எழுதினேன்.