உப்புக் கணக்கு

நதேலா இத்தாலிக்குப் பஸ் ஏறிய மறுநாள்
சமையலறை இழுப்பறையைத் திறந்தேன்.
ஏழு உறைகள், ஒரு பச்சை நோட்டு.
உறைகளின் மேல் அவள் கையெழுத்து:
கேஸ். கரண்ட். ரொட்டி. ஓத்தாருக்கு பூட்ஸ்.
மருந்து. ஸ்வியாத் கடை பாக்கி.
ஏழாவதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அந்தப் பச்சை நோட்டை
உப்புப் பெறாத வேலை என்று சொன்னவன் நான்தான்.
பத்துத் தெத்ரிக்கு வெங்காயத்தாள் வாங்கினாலும்
எழுதி வைப்பாள்.
எழுதினால் வெங்காயம் முளைக்குமா என்று கேட்பேன்.
பதில் சொல்லமாட்டாள்,
பென்சிலைச் சீவுவாள்.

முதல் மாதம்
ரொட்டி உறையில் சிகரெட் வாங்கினேன்,
கேஸ் உறையில் ரொட்டி வாங்கினேன்,
கரண்ட் உறையில் கேஸ் கட்டினேன்.
இருபத்திரண்டாம் தேதி ராத்திரி இருட்டில் உட்கார்ந்திருந்தோம்
நானும் ஓத்தாரும் எக்காவும்.
எக்கா தன் கோட்டுக்குள் பூனையை வைத்திருந்தாள்
சூட்டுக்கு.

பிறகு கற்றுக்கொண்டேன், யாரும் சொல்லித் தராமல்,
அடிபட்டு.
மூன்று கட்டில்களையும் ஹீட்டர் அறைக்கு இழுத்தேன்.
மற்ற இரண்டு அறைகளுக்கும் வாசலில் கம்பளி தொங்கியது.
குத்தாயிசி சந்தையில் சனிக்கிழமை கடைசி அரைமணி நேரம்தான்
ஏழைக்கான நேரம்:
அடிபட்ட பேரிக்காய், உடைந்த பாலாடைக்கட்டி,
மூட்டையின் அடியில் தங்கிய சிவப்பு பீன்ஸ்.
பீன்ஸை முதல் நாளே ஊறப்போட்டால் கேஸ் பாதி மிச்சம்.
இது நோட்டில் இருந்தது, ஓரத்தில், சின்ன எழுத்தில்.
ஏன் என்னிடம் சொல்லவில்லை?
சொல்லியிருப்பாள். நான் டிவி பார்த்திருப்பேன்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
போன வருஷம் உருளைக்கிழங்குக்கு என்ன செலவானது என்று பார்க்க
பழைய பக்கங்களைப் புரட்டினேன்.

சனிக்கிழமை: உப்பு 2.00.
அடுத்த சனி: உப்பு 2.00.
அதற்கடுத்த சனியும்.
மூன்று வருஷம், ஒரு சனி தவறாமல், உப்பு.

இத்தனை உப்பில்
ஒரு பன்றியை அல்ல, பண்ணையையே ஊறப்போட்டிருக்கலாம்.
எங்கள் அலமாரியில் இருந்ததோ ஒரே டப்பா,
அதுவும் அடியில் கட்டிபட்டு.

எண்ணினேன். நூற்றைம்பத்தாறு சனி.
பெருக்கினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு.
பாரி வரை டிக்கெட் முந்நூறு.
மிச்சம் பன்னிரண்டில் துருக்கியில் எங்காவது
ஒரு டீ குடித்திருப்பாள், ஒரு ரொட்டி வளையம் வாங்கியிருப்பாள்.
அண்ணன் கொடுத்தான் என்று என்னிடம் சொன்னாள்.
அன்றிலிருந்து அந்த மனுஷனிடம்
நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதல் உப்பு எந்தத் தேதி என்று
பார்க்காமல் விட்டிருக்கலாம்.
பார்த்தேன்.

தொழிற்சாலை கேட்டைப் பூட்டியது ஒரு வெள்ளிக்கிழமை.
வீட்டில் வாய் திறக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது.
ஒன்பது நாளும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி
ரியோனி பாலத்தில் நின்று
ஆறு மணிக்கு அலுத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.
அவளும் ஒன்பது நாளும் டப்பா கட்டிக் கொடுத்தாள்.
முதல் உப்பு மறுநாள்.
அந்தச் சனிக்கிழமையே.

ஞாயிறு மதியம் போனில் வந்தாள்.
கன்னம் ஒட்டியிருந்தது, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.
கணக்கு எழுதுகிறாயா என்று கேட்டாள்.
நோட்டைக் காமிராவுக்கு நேரே பிடித்தேன்.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
வரிவரியாகப் படித்தாள்.
மாவு. சோப்பு. எக்காவுக்குக் காலுறை.
ஓரிடத்தில் நின்றாள்.

உப்பு மூன்றா, என்றாள்.

விலை ஏறிவிட்டது, என்றேன்.

அவளுக்குப் பின்னால் யாருடைய வீட்டிலோ
குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
எழுந்து போய் மூடிவிட்டு வந்தாள்.
மூடிய பிறகும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நிறையச் சேர்க்காதே, என்றாள்,
உனக்கு ரத்தக்கொதிப்பு.

கட் ஆகிவிட்டது.
மருந்து உறையைத் திறந்து பார்த்தேன்.
நான்கு மாத்திரை.
வியாழன் வரை வரும்.