வாளையாறு இடைவெளி

பிலோமினா வீட்டுச் சுவரில்
மாதம் ஒரு நெல் நீளம் விரிசல் வளர்கிறது.
ரயில்.
அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

தண்டவாளம் ஓரமாக நான்கு வரிசைக் குழாய்,
உள்ளே ரப்பரில் தொங்கும் இரும்புக் குண்டு.
மண் ஆடினால் குண்டு எதிர்த்து ஆடும்;
சமன்பாட்டில் மண்ணின் எடை மைனஸ் ஆகிவிடும்.
"ரேஷன் கடையில் இது பழசு" என்கிறார்
கீமேன் வேலப்பன்.

பதினெட்டு முதல் முப்பத்தொரு ஹெர்ட்ஸ் வரை
எதுவும் நுழையாது. இதன் பெயர் இடைவெளி.
மலையில் இடைவெளி விழுந்தால் காற்று வரும்,
ஆடியில் கொடித்துணி கோயமுத்தூர் போகும்.
என் இடைவெளி சாத்திய கதவு.

நேற்றிரவு சோதனை.
சரக்கு வண்டி கஞ்சிக்கோடு தாண்டியிருந்தது.
திரையில் கோடு தட்டை.
கைதட்டப் போனேன்.

குழாய் வரிசைக்கு இப்பால் ஒரு பிடி,
முன்கால் நுனியை மண்ணில் ஊன்றி
நெடுநேரம் கேட்டது.
அதற்கும் தட்டை.
வண்டி இல்லை என்றது மண்.
மண்ணை அப்படிச் சொல்ல வைத்தவள் நான்.

அது தண்டவாளத்துப் பக்கம் காலெடுத்தது.
வேலப்பன் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்,
டார்ச் என் கையில் நடுங்கியது.

காலையில் இரண்டு வரிசையைப் பிடுங்கிவிட்டோம்.
இனி மாதம் அரை நெல்.
பிலோமினாவிடம் இன்னும் சொல்லவில்லை.